செங்கொடியைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமா?



ஜமுனாமரத்தூர் பக்கம் சாமை அறுவடை முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பிறகும் ஒரு தாய் மட்டும் கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மூன்று வாரங்களாக அவர் நன்மை வாங்க வரவில்லை என்பதை நாம் கவனித்திருந்தோம். காரணம் கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "காட்டு நிலத்துக்குப் பட்டா கேட்டு தாலுகா ஆபீசு முன்னால உக்காந்தோம் சாமி. செங்கொடிக்காரங்கதான் கூட்டிட்டுப் போனாங்க. அவங்க கடவுள் இல்லைன்னு சொல்றவங்களாம். அவங்களோட போனவ நன்மை வாங்கக் கூடாதுன்னு நம்ம ஆளுங்களே சொல்றாங்க. நான் வாங்கலாமா சாமி?"

இது அந்தத் தாய் ஒருவருடைய கேள்வி மட்டும் அன்று. நம் பங்குகள் பலவற்றில் இது மனத்துக்குள் கிடக்கும் கேள்வி. பெரியவர்களில் சிலர் கம்யூனிசம் என்ற சொல்லைக் கேட்டாலே சிலுவை அடையாளம் போடுகிறார்கள். கல்லூரிக்குச் சென்றுவரும் இளைஞர்களில் சிலரோ, திருச்சபை எப்போதும் பணக்காரர் பக்கம்தான் என்று சொல்லிக் கோவிலுக்கு வருவதையே குறைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் அரைகுறையாகக் கேட்டதால் வரும் முடிவுகள். எனவே இடதுசாரிகள் முதலாளித்துவத்தின்மீது சொல்லும் குறை என்ன, திருச்சபை எதை ஏற்கிறது, எதை மறுக்கிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

இடதுசாரிகள் சொல்லும் குறை

நம் மலையில் நடக்கும் ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம். ஆடி மாதத்தில் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஒருவர் கீழ்நாட்டு வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். மாசி, பங்குனியில் மரம் ஏறி, புளி உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்துத் தருகிறார். விலையை யார் சொல்வது? முன்பணம் கொடுத்தவர்தான் சொல்வார். அதே புளி நகரத்துக் கடையில் பல மடங்கு விலைக்கு விற்கிறது. லாரி வாடகை, சுமைகூலி, சேதாரம் எல்லாவற்றையும் நியாயமாகக் கழித்தாலும் மீதி நிற்கிறது. அந்த மீதி மரம் ஏறியவருக்கு வருவதில்லை, கையில் பணம் வைத்திருந்தவருக்குப் போகிறது.

ஜெர்மானிய அறிஞர் கார்ல் மார்க்ஸ் 1867ஆம் ஆண்டு வெளியிட்ட 'மூலதனம்' என்ற நூலின் முதல் பாகத்தில் இதுபோன்ற ஒரு கணக்கைத்தான் போட்டார். அவர் ஆராய்ந்தது தொழிற்சாலையை. தொழிலாளி ஒரு நாளில் உருவாக்கும் மதிப்பு, அவருக்குத் தரப்படும் கூலியைவிட அதிகம். அந்த அதிகப்படியை அவர் 'உபரி மதிப்பு' என்றார். எந்திரத்தையும் நிலத்தையும் பணத்தையும் கையில் வைத்திருப்பவருக்கே அது போய்ச் சேர்கிறது என்றும், அதனால் பணம் மேலும் மேலும் சிலர் கையில் குவிகிறது என்றும் சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வியாபாரி கெட்டவர் என்பது இந்த விமர்சனம் அல்ல. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் கூடுதல் விலை கொடுத்தால், குறைந்த விலைக்கு வாங்கும் அடுத்த வியாபாரியிடம் சந்தையில் தோற்றுப்போவார். ஆகவே ஆளை மாற்றினால் போதாது, அமைப்பையே மாற்ற வேண்டும் என்பது இடதுசாரிகளின் வாதம்.

இதன் கொடிய முகத்தையும் நம் மலை பார்த்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திர மாநிலம் சேஷாசலம் காட்டில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள், மோதலில் இறந்தார்கள் என்று ஆந்திரக் காவல்துறை கூறியது. அது மோதல்தானா என்று மனித உரிமை அமைப்புகள் கேள்வி எழுப்பின. இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்களும் அவர்களில் இருந்தார்கள். செம்மரம் கடல் கடந்து போய் பெரும் விலைக்கு விற்கிறது. அந்த வணிகத்தின் லாபம் எங்கோ சேர்ந்தது, பிணங்கள் நம் மலைக்கு வந்தன. சட்டத்துக்குப் புறம்பான தொழில் என்பது உண்மைதான். ஆனால் சொந்த மலையில் பிழைக்க வழியிருந்தால் அந்தக் காட்டுக்கு யார் போவார்?

திருச்சபை சொல்வது

நிலமும் கூலியும் பற்றிப் பேசுவது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நாம் நினைக்க வேண்டாம். அது நம் திருவிவிலியத்தில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை யூபிலி ஆண்டில் நிலம் இழந்தவருக்கு அது திரும்ப வேண்டும் என்று லேவியர் நூல் 25ஆம் அதிகாரம் சட்டம் வகுக்கிறது. வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போகிறவர்களை எசாயா இறைவாக்கினர் கண்டிக்கிறார் (எசா 5). அறுவடை செய்தவருக்குத் தராமல் பிடித்துவைத்த கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்கிறார் புனித யாக்கோபு (யாக் 5). எருசலேமின் முதல் கிறிஸ்தவர்கள் உடைமைகளைப் பொதுவாக வைத்துத் தேவைக்கேற்பப் பகிர்ந்தார்கள் (திப 4). அது யாரும் சட்டம் போட்டுப் பறித்ததல்ல, அன்பினால் தாங்களே முன்வந்து கொடுத்தது. அந்த வேறுபாட்டையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றி 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். தனியுடைமையை ஒழிக்க வேண்டும் என்ற சோசலிசக் கொள்கையை அவர் மறுத்தார். ஆனால் அதே மடலில், சில செல்வர்கள் எண்ணற்ற ஏழைகள்மீது ஏறக்குறைய அடிமைத்தனம் போன்ற நுகத்தைச் சுமத்தியிருக்கிறார்கள் என்றும் எழுதினார். குடும்பம் நடத்தப் போதுமான கூலி தொழிலாளியின் உரிமை, சங்கம் வைப்பதும் அவருடைய உரிமை என்று கற்பித்தார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, இந்த மடலை எழுதியவரை நினைத்தே இப்பெயரை எடுத்ததாகக் கர்தினால்மார்களிடம் விளக்கினார்.

திருத்தந்தை 6ஆம் பவுல் 1967இல் வெளியிட்ட 'பொப்புலோரும் புரோகிரேசியோ' மடலில், தனியுடைமை எல்லையற்ற உரிமை அல்ல என்றார். படைப்பின் பொருள்கள் எல்லாருக்குமானவை, பிறருக்கு அடிப்படைத் தேவையே இல்லாதபோது தமக்குத் தேவைக்கு மேற்பட்டதை ஒருவர் தமக்கென்றே வைத்துக்கொள்ள முடியாது என்பது அதன் பொருள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் 'லபோரெம் எக்செர்சென்ஸ்' மடலில், மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்று கற்பித்தார். அவர் கம்யூனிச ஆட்சியின் கீழ் போலந்தில் வாழ்ந்தவர், அதன் கொடுமையை நேரில் அறிந்தவர். அந்த ஆட்சிகள் சரிந்த பிறகு, 1991இல் எழுதிய மடலிலும் அவர் முதலாளித்துவத்துக்கு வெற்றிமாலை சூட்டவில்லை. கம்யூனிசம் தோற்றதால் முதலாளித்துவமே ஒரே வழி என்று ஆகிவிடாது என்று எச்சரித்தார். இந்த ஒரு செய்தியை நாம் மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். திருச்சபை கம்யூனிசத்துக்குச் சொன்ன 'இல்லை', முதலாளித்துவத்துக்குச் சொன்ன 'ஆம்' அல்ல.

திருச்சபை ஏன் எதிர்த்தது?

அப்படியானால் திருச்சபை கம்யூனிசத்தை ஏன் அவ்வளவு கடுமையாக எதிர்த்தது? காரணம் கூலி உயர்வு அல்ல. 1937இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் வெளியிட்ட மடல், கடவுளை மறுக்கும் பொருள்முதல் கொள்கையையும், வர்க்கப் பகையை வரலாற்றின் உந்துசக்தியாகக் கொள்வதையும், தனிமனிதரை அரசுக்கு இரையாக்குவதையும் கண்டித்தது. அது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. 1917 புரட்சிக்குப் பின் இரஷ்யாவில் கோவில்கள் மூடப்பட்டன, குருக்களும் துறவியரும் கொல்லப்பட்டார்கள், முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அல்பேனியா 1967இல் எல்லாச் சமயங்களையும் தடைசெய்தது. அந்த நாட்டுக் குரு எர்னஸ்ட் சிமோனி 1963இல் கைதாகி நீண்ட காலம் கட்டாய உழைப்பில் வைக்கப்பட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். இந்த மறைசாட்சியத்தை மறந்துவிட்டு நாம் பேசக் கூடாது.

1949 ஜூலையில் உரோமைத் திருஅலுவலகம் ஓர் ஆணை வெளியிட்டது. கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து அதை ஆதரிப்போருக்கு அருள்சாதனங்கள் இல்லை, அதன் கடவுள் மறுப்புக் கொள்கையை ஏற்றுப் பரப்புவோர் திருச்சபைக்குப் புறம்பானவர் என்றது. நம் பாட்டன் பாட்டிகள் காதில் விழுந்து நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது அந்த ஆணையின் எதிரொலிதான்.

நம் பகுதிக்கென்று இன்னொரு அச்சமும் உண்டு. 1970களின் இறுதியில் பழைய வட ஆர்க்காடு, தருமபுரி மாவட்டங்களில் நக்சலைட் இயக்கம் வேர்விட்டது. 1980 ஆகஸ்டு 6ஆம் நாள் திருப்பத்தூர் அருகே, பிடிபட்ட ஒருவர் வெடிக்கச் செய்த குண்டில் காவல் ஆய்வாளர் பழனிச்சாமியும் உடன் சென்ற காவலர்களும் உயிரிழந்தார்கள். அதன்பின் நடந்த காவல்துறை வேட்டையில் இளைஞர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். இரு பக்கமும் தாய்மார் அழுதார்கள். அந்த நாள்களை அறிந்த பெரியவர்கள் செங்கொடி என்றதும் நடுங்குவதில் வியப்பில்லை. ஆனால் ஆயுதம் ஏந்தியவர்களும், தேர்தலில் நின்று, மனுக் கொடுத்து, நீதிமன்றம் சென்று போராடும் கட்சிகளும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே கூடையில் போடுவது உண்மைக்குப் புறம்பானது.

கொள்கை வேறு, மனிதர் வேறு

1963 ஏப்ரலில் திருத்தந்தை புனித 23ஆம் யோவான் 'பாச்செம் இன் தெர்ரிஸ்' மடலை வெளியிட்டார். தவறும் தவறு செய்யும் மனிதரும் ஒன்றல்ல என்று அதில் அவர் கற்பித்தார். ஒரு தவறான தத்துவமும், அதிலிருந்து பிறந்தாலும் காலப்போக்கில் மாறிவரும் மக்கள் இயக்கங்களும் ஒன்றல்ல, அந்த இயக்கங்களில் நல்லதும் நியாயமானதும் இருக்கக்கூடும் என்றும் சொன்னார். இதற்கு நம் கண்முன் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

நம் மலைக்குத் தென்மேற்கே, தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்ற ஊர் இருக்கிறது. அங்கு வாழ்பவர்களும் நம்மைப் போன்ற மலையாளிப் பழங்குடி மக்கள். 1992 ஜூன் 20ஆம் நாள், சந்தனமரக் கடத்தல் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளும்கூடச் சேலம் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அன்றைய அரசு மறுத்தது.

அந்த மக்களின் கண்ணீரை முதலில் கேட்டு வெளியே கொண்டுவந்தது யார்? மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்தவர்கள் வழிநடத்திய மலைவாழ் மக்கள் சங்கம். கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் வழக்குத் தொடுத்தார். 1995இல் உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டது. அவர்களில் 17 பேர்மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. 2023 செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றமும் இத்தீர்ப்பை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. முப்பத்தோர் ஆண்டுகள் விடாமல் அந்த மக்களோடு நடந்தார்கள் அவர்கள்.

அன்பார்ந்தவர்களே, நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். காயப்பட்டவரைக் கண்டும் விலகிப்போனவர்கள் குருவும் லேவியரும். நின்று காயத்தைக் கட்டியவரோ, யூதர்கள் தவறான சமயத்தவர் என்று ஒதுக்கிவைத்த சமாரியர். சமாரியரின் வழிபாடு சரி என்று இயேசு சொல்லவில்லை. அடுத்திருப்பவராக நடந்தவர் யார் என்று மட்டும் கேட்டார். வாச்சாத்தியை நினைக்கும்போது இந்த உவமை நம் நெஞ்சைக் குத்த வேண்டும்.

நம் திருச்சபையிலும் அப்படி நின்றவர்கள் உண்டு. திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணையின்றிச் சிறையில் கிடந்த இளைஞர்களுக்காகவும் உழைத்தார். தடைசெய்யப்பட்ட மாவோயிஸ்ட் அமைப்போடு தொடர்பு என்று குற்றம் சாட்டப்பட்டு 2020 அக்டோபர் 8ஆம் நாள் கைதானார். அவர் அதை மறுத்தார். 84ஆம் வயதில், வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே, 2021 ஜூலை 5ஆம் நாள் காவலிலிருந்தபடியே மும்பை மருத்துவமனையில் உயிர்நீத்தார். ஏழையின் நிலத்தைப் பற்றிப் பேசுகிறவர்மீது 'கம்யூனிஸ்ட்' என்ற முத்திரை எவ்வளவு எளிதாக விழுகிறது என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. அந்தத் தாயின்மீது நம் ஊரார் குத்தியதும் அதே முத்திரைதான்.

அவர் கேட்டது சலுகை அல்ல, சட்டம் தரும் உரிமை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து பயிரிட்டு வரும் பழங்குடியினருக்கு அந்த நிலத்தில் உரிமை தருகிறது. அன்று மத்திய அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவளித்த இடதுசாரிக் கட்சிகளும் பழங்குடி அமைப்புகளும் அச்சட்டத்துக்காக வற்புறுத்தின என்பதும் உண்மை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, அந்தத் தாயின் கேள்விக்குப் பதில். 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பில், கம்யூனிஸ்ட் கட்சி என்று பெயர் சொல்லித் தண்டனை எதுவும் இல்லை. விசுவாசத்தை மறுதலிப்பதுதான் குற்றம். நிலத்துக்குப் பட்டா கேட்டு, செங்கொடியின் கீழே உட்கார்ந்ததால் யாரும் விசுவாசத்தை இழப்பதில்லை. தாராளமாக நன்மை வாங்கலாம். அவரைத் தடுக்க நமக்கு அதிகாரம் இல்லை.

இரண்டாவது, யாரோடு நடந்தாலும் எல்லை தெரிந்து நடப்போம். கடவுளை மறுக்கச் சொன்னாலும், மனிதரைப் பகைக்கச் சொன்னாலும், வன்முறைக்கு அழைத்தாலும் அங்கே நின்றுவிடுவோம். பணக்காரரும் கடவுளின் சாயலே. அநீதியை எதிர்ப்போம், ஆளை வெறுக்க மாட்டோம்.

மூன்றாவது, அன்பியக் கூட்டங்களில் செபத்தோடு புளியின் விலையையும் பேசுவோம். யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார், என்ன விலைக்குக் கொடுத்தார் என்று பத்துக் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தாலே பாதிக் கண் திறக்கும். சேர்ந்து எடைபோட்டு, சேர்ந்து விற்க முடியுமா, கூட்டுறவுச் சங்கத்தைப் பயன்படுத்த முடியுமா என்று யோசிப்போம். வன உரிமை மனு முதலில் வருவது கிராமசபைக்கு. அந்தக் கூட்டத்துக்கு நாம் போக வேண்டும். இன்ன ஆண்டில் இந்த ஊரில் இருந்தோம் என்று காட்ட, நம் ஞானஸ்நானப் பதிவேடும் ஒரு துணைச் சான்றாக உதவக்கூடும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, நம் வீட்டைப் பார்ப்போம். நம் கோவில்பிள்ளைக்கும், சமையல் செய்யும் அம்மாவுக்கும், நம் பள்ளிகளின் ஆயாக்களுக்கும், நம் வயலில் களையெடுப்பவருக்கும் குடும்பம் நடத்தப் போதுமான கூலி தருகிறோமா? பிறர் முதலாளித்துவத்தைக் குறைசொல்லும் முன் குருக்களாகிய நாமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

1923 மே 1ஆம் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அதே மே 1ஆம் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக ஏற்படுத்தினார். ஆகவே ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர் முனையில் செங்கொடி ஏறுகிறது, கோவிலில் தச்சரான யோசேப்புக்குத் திருப்பலி நடக்கிறது. இரண்டு இடத்திலும் பேசப்படுவது உழைப்பவரின் மாண்பு. அடுத்த மே 1 அன்று நம் பங்கில் காணிக்கைப் பவனியில் மண்வெட்டியும் களைக்கொத்தும் சாமைக் கதிரும் பீடத்துக்கு வரட்டும்.

அதற்கடுத்த ஞாயிறு அந்தத் தாய் நன்மை வாங்க வரிசையில் வந்தார். அவரைப் பற்றிப் பேசியவர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள். ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம், நிலமும் கூலியும் இழந்து நிற்கும் நம் சகோதர சகோதரிகளின் பக்கம் நிற்கும் துணிவை இறைவன் நமக்குத் தருவாராக. தொழிலாளரின் பாதுகாவலரான புனித யோசேப்பே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.